“சாதாரணமாக வதிபவர்” யார்?

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வீட்டிற்குப் பொருந்தும் இவ்விதி நாட்டிற்கும் பொருந்தும். பொதுமக்களிடமிருந்து வரியாகத் திரட்டிய பணத்தை ஓர் அரசு மாணவர் ஒருவரின் படிப்பிற்கென எடுத்துக் கொடுக்கும்போது அளந்தே கொடுக்கின்றது. தன் நாட்டு மாணவராயின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்கின்றது; பெற்றோரின் வருமானத்தைப் பார்க்கின்றது. வேற்று நாட்டுப் பிரசை ஒருவர் அதே உதவியை வேண்டி வந்து நின்றால் எதனைப் பார்ப்பது?

இவ்வினாவிற்கு விடை காணும் வழிகள் இரண்டு. வந்தவர் கையிலுள்ள கடவுச்சீட்டைப் பார்ப்பது ஒரு வழி. அவர் எவ்வளவு காலம், எந்த முறையில் அந்நாட்டில் வாழ்ந்து வந்தார் என்று பார்ப்பது மற்றொரு வழி. முன்னதைப் பிரசாவுரிமை என்னும் அளவுகோல் என்றும், பின்னதை வதிவு என்னும் அளவுகோல் என்றும் கூறலாம். இங்கிலாந்து தன் மாணவர்க்கு உதவிப்பணம் வழங்கும் சட்டத்தை இயற்றிய காலத்தில் வதிவையே அளவுகோலாகக் கொண்டது. “சாதாரணமாக வதிபவர்” என்பது அச்சட்டத்தில் அமைந்த தொடர். பார்வைக்கு மிக எளிய தொடர்; சிறு பிள்ளைக்கும் விளங்கும் போலத் தோன்றுவது. எனினும், இதன் பொருள் யாது என்று அறிவதற்காக மாணவர் அந்நாட்டின் அதியுயர் நீதிபீடத்தின் வாயில் வரை செல்ல நேர்ந்தது. இலங்கையிலிருந்து தலைமுறை தலைமுறையாக மாணவர் இலண்டன் நோக்கிச் சென்று வந்திருக்கின்றமையால், இத்தொடரின் வரலாறு நமக்கும் அயலானதன்று. அதனை இன்று முறையாகக் காண்போம்.

முதலில் சில நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பொதுப்பணத்தால் உதவி பெறுவதற்கு வதிவைக் காட்டவேண்டும் என்னும் எண்ணம் இங்கிலாந்தில் மாணவரை முன்னிட்டுத் தோன்றியதன்று. ஏழைகளை முன்னிட்டுத் தோன்றியது. எலிசபெத்து அரசியின் காலத்தில், 1601ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஏழைகள் சட்டம், ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளைத் தானே தாங்க வேண்டும் என்று விதித்தது. பங்கு என்பது கோயிலொன்றைச் சூழ்ந்த சிறு ஊர்ப்பிரிவு. “தன் ஏழை” யார் என்ற வினா உடனே எழுந்தது. 1662ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு விடை கூறிற்று. ஆண்டொன்றுக்குப் பத்துப் பவுணுக்குக் குறைந்த வாடகை வீட்டில் ஒருவர் புதிதாக வந்து குடியேறினால், அவர் பின்னர் ஊருக்குச் சுமையாவார் என்று கருதப்பட்டால், நாற்பது நாட்களுக்குள் முறைப்பாடு செய்து, சமாதான நீதவான் இருவரின் ஆணை பெற்று, அவரைப் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாம். அயல்நாட்டவரைப் பற்றிய விதியன்று இது. அயலூரில் பிறந்த ஆங்கிலேயரைப் பற்றியது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

பிற்பட்ட சட்டங்கள், ஓராண்டுக் காலம் முழுமையாக வேலைக்கு அமர்த்தப்பட்டுப் பணிசெய்த ஊழியர் அவ்வூராராகவே கொள்ளப்படுவர் என்று ஒரு வழியைத் திறந்துவிட்டன. அவ்வழியை அடைக்கும் தந்திரமும் விரைவில் பிறந்தது. பண்ணைக்காரர் பலர் தம் ஊழியரை ஐம்பத்தொரு வாரத்திற்கு மட்டும் அமர்த்தலாயினர். ஒரு வாரம் குறைந்தமையால் ஊழியர் ஊரார் ஆகவில்லை. ஊரின் வரிப்பணமும் மிஞ்சிற்று. கால அளவை நிபந்தனையாக வைக்கும் எந்தச் சட்டத்திலும் இத்தகைய தந்திரத்திற்கு இடமுண்டு என்பதை இந்த ஐம்பத்தொரு வாரக் கதை நமக்குக் காட்டுகின்றது. பொருளியல் அறிஞர் அடம் சிமித்து 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் இச்சட்டங்களை வன்மையாகக் கண்டித்தார். உழைக்கும் மனிதன் வேலையுள்ள இடத்திற்குச் செல்லவொட்டாது இவை தடுக்கின்றன என்பது அவர் கொண்ட கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலை நகரங்கள் பெருகின. ஊர்விட்டு ஊர் சென்றோரின் தொகையும் பெருகிற்று. ஆதலின் 1846ஆம் ஆண்டில் ஒரு தளர்வு வந்தது. ஓரிடத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வாழ்ந்தவரை அங்கிருந்து அகற்றலாகாது என்று விதிக்கப்பட்டது. 1861இல் ஐந்து மூன்றாயிற்று. 1865இல் மூன்று ஒன்றாயிற்று. இவ்வெண்களை மறவாதிருக்குமாறு நேயர்களை வேண்டுகின்றேன். மூன்று, ஐந்து என்னும் இவ்விரண்டு எண்களும் ஒரு நூற்றாண்டின் பின்னர் மாணவரின் உதவிப்பண விண்ணப்பங்களில் மீண்டும் தலைகாட்டுவதைக் காண்போம்.

இனி, கொடுக்கும் துறையை விட்டு அரசு வாங்கும் துறைக்குச் செல்வோம். வருமான வரி விதிப்பிலும் “சாதாரணமாக வதிபவர்” என்ற தொடர் வழங்கிற்று. 1928ஆம் ஆண்டில் அதன் பொருளை வரையறுக்கும் இரண்டு வழக்குகள் பிரபுக்கள் சபையின் முன் வந்தன. பிரபுக்கள் சபையே அக்காலத்தில் அந்நாட்டின் இறுதி மேன்முறையீட்டு மன்றம். முதல் வழக்கில் சம்பந்தப்பட்டவர் தம் இங்கிலாந்து வீட்டை விட்டொழித்து, ஆண்டின் பெரும்பகுதியை ஐரோப்பாவின் விடுதிகளிற் கழித்தவர். வைத்தியரைக் காணவும் உறவினரோடு அளவளாவவும் ஆண்டுதோறும் சில மாதம் இங்கிலாந்து வந்து விடுதிகளில் தங்கிச் சென்றார். இரண்டாம் வழக்குக்குரியவர் அயர்லாந்திலே குடும்பத்தோடு குடியேறியவர். தம் கம்பெனியின் இயக்குநர் கூட்டத்திற்காக மாதம் ஒருமுறை இங்கிலாந்து வந்து சில நாள் விடுதியில் தங்குவார். ஆண்டில் இவ்வாறு ஏறத்தாழ நூறு நாட்கள் கழியும். எங்களுக்கு இங்கிலாந்தில் வீடே இல்லை, நாங்கள் எவ்வாறு அங்கு வதிபவர் ஆவோம் என்பது இவர்தம் வாதம். இறைவரித் திணைக்களம் அதனை ஏற்கவில்லை. இருவழக்கிலும் திணைக்களமே வென்றது. ஒருவரின் வாழ்க்கை ஒழுங்கில் ஓரிடத்து வாசம் வழக்கமாக அமைந்துவிட்டால் அவர் அங்கே சாதாரணமாக வதிபவரே. அவரது உண்மையான இல்லம் வேறெங்கேனும் இருத்தல் கூடும். அது பற்றிக் கவலையில்லை என்பது அத்தீர்ப்புகளின் சாரம். வரி வாங்குதற்காக அரசு இத்தொடரின் பொருளை அகல விரித்துக்கொண்டது. விரித்த வலையிலே பின்னொரு காலத்தில் தானே அகப்படும் என்பதை அன்று எவரும் எண்ணியிரார்.

இப்போது மாணவரிடம் வருவோம். 1920ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் அரசுப் புலமைப்பரிசில்கள் சிறு தொகையினவாக வழங்கப்பட்டு வந்தன. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னர் உள்ளூராட்சிக் கல்வி மன்றங்களும் பல்கலைக்கழக மாணவர்க்கு உதவி புரிந்தன. ஆயின் ஒரு மன்றம் தாராளமாகக் கொடுக்கும். அடுத்த மன்றம் கையை இறுக மூடிக்கொள்ளும். ஒரே தகுதியுடைய இரு மாணவருள் ஒருவர் உதவி பெறுவதும் மற்றவர் பெறாததும் அவரவர் குடியிருந்த தெருவைப் பொறுத்ததாயிற்று. இந்நிலையை ஆராய்ந்த சேர் கொலின் அண்டர்சன் தலைமையிலான குழு 1960ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் வழியே 1962ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பிறந்தது. தன் எல்லையுள் சாதாரணமாக வதிபவராய், உரிய கல்வித்தகுதி பெற்று, பட்டப்படிப்பிற்குத் தெரிவான மாணவருக்கு உதவிப்பணம் வழங்குதல் ஒவ்வொரு மன்றத்தின் கடமை என்று அச்சட்டம் கூறிற்று. விருப்பமாக இருந்தது கடமையாயிற்று. சலுகையாக இருந்தது உரிமையாயிற்று. சட்டத்தின்கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் வேறொரு நிபந்தனையைச் சேர்த்தன. படிப்புத் தொடங்குவதற்கு முந்திய மூன்று ஆண்டுகளிலும் மாணவர் ஐக்கிய இராச்சியத்தில் சாதாரணமாக வதிந்திருத்தல் வேண்டும் என்பதே அது.

இச்சட்டத்தில் பிரசாவுரிமை பற்றிய பேச்சே இல்லை என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையவராயினும் வெளிநாட்டிலேயே வாழ்ந்து வந்தவர் இந்நிபந்தனையிற் தவறலாம். வேற்று நாட்டுப் பிரசையாயினும் அங்கு வாழ்ந்து வளர்ந்தவர் இதில் தேறலாம். அதே 1962ஆம் ஆண்டிலேதான், பொதுநலவாய நாட்டவர் இங்கிலாந்துக்குள் தடையின்றி வந்து குடியேறும் வழக்கத்திற்கு வேறொரு சட்டம் முதன்முறையாகக் கட்டுப்பாடு விதித்தது. ஒரே பாராளுமன்றம் ஒரே ஆண்டில் ஒரு கையால் நாட்டின் வாயிலை ஒடுக்கிற்று. மறு கையால், உள்ளே வாழ்பவர் எவராயினும் படிப்பதற்கு வழி திறந்தது. இவ்விரு செயல்களும் ஒன்றோடொன்று முட்டுவதற்கு இருபது ஆண்டு சென்றது.

இடைக்காலத்தில் பணமுடை வந்தது. வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தை ஏறத்தாழ எழுபது பவுணிலிருந்து இருநூற்றைம்பது பவுணாக உயர்த்தும் முடிவை அரசு 1966ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தது. 1967இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை, இந்தியா, மலேசியா, ஆபிரிக்க நாடுகள் ஆகியவற்றிலிருந்து தம் செலவிலே சென்று படித்தவர்க்கு இது பேரிடியாயிற்று. 1980ஆம் ஆண்டில் இதனினும் கடுமையான முடிவு நடைமுறைக்கு வந்தது. புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர் தம் படிப்பிற்காகும் செலவு முழுவதையும் தாமே கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்பது அம்முடிவு. மலேசியா இதனால் பெரிதும் வெகுண்டது. 1981ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிரதமர் மகாதீர் முகமது, பிரித்தானியப் பொருள்களைக் கடைசியாகவே வாங்குதல் வேண்டும் என்னும் கொள்கையை அறிவித்தமைக்கு இக்கட்டண உயர்வும் ஒரு காரணம்.

இதனால், “சாதாரணமாக வதிபவர்” என்ற பட்டத்தின் விலை ஏறிற்று. அப்பட்டம் கிடைத்தால் மாணவர் உள்நாட்டுக் கட்டணத்திற்கு உரியவர், உதவிப்பணமும் கேட்கலாம். கிடைக்காவிட்டால் முழுக்கட்டணம், உதவியும் இல்லை. ஒரு குடும்பத்துப் பிள்ளை பட்டம் பெறுவதும் பெறாததும் இரண்டே சொற்களைத் தொங்கிக்கொண்டு நின்றது.

இந்நிலையிலேதான் ஐந்து மாணவரின் வழக்குகள் எழுந்தன. பார்னெட், பிறென்ற், சிறொப்சயர் ஆகிய உள்ளூராட்சி மன்றங்கள் எதிராளிகள். மாணவருட் பெரும்பாலோர் படிப்பிற்கென வழங்கப்பட்ட காலவரையறையுள்ள அனுமதியோடு இங்கிலாந்து வந்தவர்கள். அவ்வனுமதியைக் காலந்தோறும் புதுப்பித்துக்கொண்டு, பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் மூன்றாண்டும் அதற்கு மேலும் கற்று, உயர்தரப் பரீட்சைகளில் தேறி, பட்டப்படிப்பிற்கு இடமும் பெற்றவர்கள். உதவிப்பணம் கேட்டபோது மன்றங்கள் மறுத்தன. நீங்கள் படிக்க வந்தவர்கள். படித்து முடிந்ததும் செல்ல வேண்டியவர்கள். உங்களை எவ்வாறு இங்கு சாதாரணமாக வதிபவர் என்பது என்று வினவின.

1981ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாணவர்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அம்மன்றத்தின் தலைவர், பெரும்புகழ் பெற்ற டெனிங் பிரபு. கல்விச் சட்டத்தைத் தனியே வைத்துப் படித்தலாகாது. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தோடு சேர்த்தே படித்தல் வேண்டும். மாணவர் அனுமதியோடு வந்தவர் அந்த அனுமதியின் எல்லைக்குள்ளேயே நிற்கின்றார். அவரை நாட்டின் சாதாரண வாசி என்று கொள்வது பொருந்தாது என்பது அவர் கண்ட முடிவு. இதனை எளிதிற் புறந்தள்ளுதல் கூடாது. வரி செலுத்துவோரின் பணம் வரையறையுள்ளது. படிப்பிற்கென மட்டும் வந்து, படிப்பு முடிந்ததும் நீங்குபவர்க்கு அதனை ஏன் கொடுத்தல் வேண்டும் என்று சாதாரண மனிதர் கேட்கும் கேள்விக்கே டெனிங் பிரபு சட்ட வடிவம் கொடுத்தார்.

வழக்கு பிரபுக்கள் சபைக்குச் சென்றது. 1982ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 16ஆந் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பில் ஐந்து நீதிப்பிரபுக்களும் ஒருமனதாக மாணவர் பக்கம் நின்றனர். முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் ஸ்கார்மன் பிரபு. அவர் 1928ஆம் ஆண்டின் அந்த வரி வழக்குகளை எடுத்து முன்வைத்தார். அன்று வரி வாங்குவதற்காகக் கூறிய பொருள் அச்சொற்களின் இயல்பான பொருளே. கல்விச் சட்டத்தில் பாராளுமன்றம் அதே சொற்களை விளக்கம் எதுவும் இன்றி வழங்கியிருப்பதால், இங்கும் அப்பொருளே செல்லும் என்று அவர் முடிபு கூறினார். விடுதியில் தங்கிச் சென்ற செல்வர் வரி செலுத்தும்போது வதிபவராயின், ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்ந்து கற்ற மாணவர் உதவி கேட்கும்போது வதியாதவராதல் எவ்வாறு? வாங்கும்போது ஒரு மரக்காலும் கொடுக்கும்போது வேறொரு மரக்காலும் வைத்திருக்கும் வணிகரை நாம் என்ன பெயரால் அழைப்போம் என்பது நேயர்கள் அறிந்ததே.

ஸ்கார்மன் பிரபு வகுத்த இலக்கணத்திற்கு இரண்டு கூறுகள் உண்டு. முதலாவது, ஒருவர் தம் விருப்பத்தினால் அந்நாட்டில் தங்கியிருத்தல் வேண்டும். கடத்திச் செல்லப்பட்டவரும், சிறையிடப்பட்டவரும், றொபின்சன் குரூசோவைப் போல் தீவிலே தனித்து ஒதுங்கியவரும் இதற்குப் புறம்பானவர். இரண்டாவது, அவர் தங்கியிருப்பதற்கு ஒரு நிலையான நோக்கம் இருத்தல் வேண்டும். நிலையான நோக்கம் என்பதனால் என்றென்றும் அங்கேயே தங்குதல் வேண்டும் என்ற கருத்தில்லை. தொழில், வணிகம், குடும்பம், உடல்நலம், அவ்விடத்தின் மீதுள்ள பற்று ஆகிய எதுவும் நோக்கமாகலாம், கல்வியும் நோக்கமாகலாம். அன்றாட வாழ்க்கை அவ்விடத்தில் ஒழுங்காக நடைபெற்றால் அதுவே போதும். ஒரேயொரு விலக்கை மாத்திரம் அவர் வற்புறுத்தினார். குடிவரவுச் சட்டத்தை மீறித் தங்கியிருந்த காலத்தைக் கணக்கிற் சேர்த்தல் ஆகாது. தன் குற்றத்தினால் எவரும் பயன்பெறலாகாது என்பது அதன் நியாயம். நாட்டிலே நிலையாகக் குடியேறியவர்க்கு மட்டுமே உதவிப்பணம் கொடுக்கவேண்டும் என்பது பாராளுமன்றத்தின் கருத்தாயின், அதனை வெளிப்படையாகச் சட்டத்தில் எழுதுதல் வேண்டும்; எழுதாததை நீதிமன்றம் எழுதிச் சேர்த்தல் முறையன்று என்பதே தீர்ப்பின் உயிர்நிலை.

அரசு இதனைச் செவிமடுத்தது; ஆனால் மாணவர் விரும்பிய வகையிலன்று. எழுதாததை எழுதுவதற்கு அது நெடுங்காலம் எடுக்கவில்லை. 1983ஆம் ஆண்டிலேயே விதிகள் திருத்தப்பட்டன. கட்டணங்களும் உதவிப்பணமும் பற்றிய புதிய சட்டமும் இயற்றப்பட்டது. மூன்றாண்டு வதிவு முழுவதுமோ பெரும்பகுதியோ முழுநேரக் கல்வி பெறுதற்காகவே அமைந்திருந்தால் அது கணக்கிற் சேராது என்று புதுவிதி கூறிற்று. கதவு சில மாதங்களே திறந்திருந்து மூடப்பட்டது. ஆயினும் அதற்கு முன்னர் தவறான விளக்கத்தினால் மறுக்கப்பட்டோர் பலர் இருந்தனர். தாமும் அதே நிலையிலிருந்தவர், தம் விண்ணப்பத்தையும் மீளப் பார்த்தல் வேண்டும் என்று அவர்களுட் சிலர் நீதிமன்றம் சென்றபோது, ஒத்த நிலையில் உள்ளோரை ஒத்த முறையில் நடத்துதல் நல்லாட்சியின் அடிப்படை என்னும் கருத்தை 1986ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வலியுறுத்திற்று.

இதே காலத்தில் நம் நாட்டிலிருந்து, குறிப்பாக 1983ஆம் ஆண்டின் பின்னர், தமிழர் பலர் பிரித்தானியாவில் தஞ்சம் புகுந்தனர். அகதி என முறைப்படி ஏற்கப்பட்டவர்க்கு உதவிப்பண விதிகளில் மூன்றாண்டுக் காத்திருப்பு விலக்கப்பட்டிருந்தது. ஆனால் அவ்வாறு ஏற்கப்படாது, தங்கியிருப்பதற்கு விசேட அனுமதி மாத்திரம் பெற்றோரே தமிழருட் பலர். அவர்தம் பிள்ளைகள் மூன்றாண்டு நிறையும் வரை காத்திருத்தல் வேண்டியதாயிற்று. பல்கலைக்கழக வயது காத்திராது செல்வது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூடிய கதவை அடுத்துத் தட்டியது ஐரோப்பா. ஐரோப்பியச் சமூகத்தின் நாடுகள் ஒன்றன் பிரசையை மற்றொன்று வேற்றுமையாக நடத்தலாகாது என்று உடன்படிக்கை செய்திருந்தன. பெல்ஜியத்திலுள்ள லியேஜ் நகரிற் கலை பயின்ற பிரெஞ்சு மாணவி ஒருவரிடம் வெளிநாட்டார்க்குரிய தனிக்கட்டணம் கேட்கப்பட்டது தவறு என்று 1985ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. எனினும் கட்டணம் வேறு, வாழ்க்கைச் செலவிற்கான உதவி வேறு என்று 1988ஆம் ஆண்டில் அதே மன்றம் பிரித்தது. வாழ்க்கைச் செலவு பற்றிய வினா 2005ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்தது. நோயுற்ற தாயோடு 1998ஆம் ஆண்டில் இலண்டன் வந்த பிரெஞ்சு இளைஞர் ஒருவர், தாய் இறந்தபின் பாட்டியின் பராமரிப்பில் வாழ்ந்து, அங்கேயே உயர்நிலைக் கல்வியை முடித்து, 2001இல் பல்கலைக்கழகம் புகுந்தார். அரசுக் கடன் கேட்டபோது, நீர் இங்கு நிலையாகக் குடியேறியவர் அல்லர் என்று மறுக்கப்பட்டது. வேற்று நாட்டு மாணவர், மாணவராயிருக்கும் வரை, அந்நிலையான குடியேற்றத் தகுதியைப் பெறவே முடியாதவாறு விதி அமைந்திருந்தது. தன் சமூகத்தோடு ஓரளவு இணைந்தவர்க்கே உதவுவோம் என்று ஒரு நாடு கூறலாம். அதற்கெனச் சில ஆண்டு வதிவையும் கேட்கலாம். ஆயின் எவராலும் நிறைவேற்ற இயலாத நிபந்தனையை வைத்தல் ஆகாது என்று நீதிமன்றம் கூறிற்று. 2008ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு வழக்கொன்றில், ஐந்து ஆண்டு வதிவைக் கேட்பது தகும் என்றும் அதே நீதிமன்றம் ஏற்றது. 1846ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்தில் நாம் கண்ட ஐந்து இவ்வாறு புதுக்கோலம் பூண்டு வந்தது. ஐக்கிய இராச்சியம் 2020ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியபின், 2021ஆம் ஆண்டின் கல்வியாண்டு முதல் அங்கு புதிதாக வரும் ஐரோப்பிய மாணவரும் ஏனைய வெளிநாட்டாரோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டனர்.

இடையில் உதவிப்பணத்தின் தன்மையும் மாறிவிட்டது. 1998ஆம் ஆண்டில் மாணவர் கட்டணம் புகுத்தப்பட்டது. நன்கொடையின் இடத்தைப் படிப்படியாகக் கடன் பிடித்தது. கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கும் ஏற்பாடே இப்போது நடைபெறுகின்றது. ஆயினும் அக்கடன் கிடையாதெனின் பல்கலைக்கழக வாயில் ஏழைப்பிள்ளைக்கு அடைத்ததே ஆகும். 2015ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. சாம்பியா நாட்டிற் பிறந்து, ஆறு வயதில், 2001ஆம் ஆண்டில், பெற்றோருடன் இங்கிலாந்து வந்த பெண்ணொருவர் தம் பாடசாலைக் கல்வி முழுவதையும் அங்கேயே பெற்றார். பாடசாலையின் தலைமை மாணவியாகவும் விளங்கினார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஆனால் அவருக்கிருந்தது காலவரையறையுள்ள அனுமதியாதலின் கடன் மறுக்கப்பட்டது. ஐந்து நீதியரசருள் மூவர் அவர் பக்கமும் இருவர் எதிர்ப்பக்கமும் நின்றனர். மூன்றாண்டுச் சட்டபூர்வமான வதிவைக் கேட்பது நியாயமே என்று பெரும்பான்மையோர் ஏற்றனர்; அதற்கு மேலாக, நிலையான குடியேற்ற உரிமையும் வேண்டும் என்று எல்லாரையும் ஒரே கோட்டால் வெட்டுதல் அவர் உரிமைக்கு மாறானது என்று கண்டனர். அடுத்த ஆண்டில் விதி திருத்தப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஏழாண்டு அங்கு வாழ்ந்திருந்தால், அல்லது பதினெட்டு வயதினரும் அதற்கு மேற்பட்டோரும் தம் வாழ்நாளிற் பாதியையேனும் இருபது ஆண்டையேனும் அங்கு கழித்திருந்தால், நெடுங்கால வதிவினர் என்னும் வகையில் விண்ணப்பிக்க வழி பிறந்தது.

நேயர்களே, நாற்பது நாளில் தொடங்கி, ஐம்பத்தொரு வாரம், ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு, பாதி வாழ்நாள் என இவ்வெண்கள் மாறி மாறி வந்ததைக் கண்டோம். எண் எதுவாயினும் அதன் பின்னே நிற்கும் வினா ஒன்றே. நம்மோடு வாழ்பவர் எப்போது நம்மவர் ஆகின்றார் என்பதே அவ்வினா. அதற்கு ஓர் எல்லை வகுக்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. அவ்வெல்லை கூடவே கூடாதென்று 1982ஆம் ஆண்டின் தீர்ப்போ 2015ஆம் ஆண்டின் தீர்ப்போ கூறவில்லை. எல்லையை முன்கூட்டியே தெளிவான சொற்களால் எழுதுதல் வேண்டும். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் கொள்ளுதல் வேண்டும். மனித முயற்சியால் எட்டக்கூடிய தொலைவிலே அதனை நிறுத்துதல் வேண்டும். இம்மூன்று நெறிகளே இவ்வரலாற்றில் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப வற்புறுத்தியவை.

பிறநாடுகளில் நம் பிள்ளைகள் இன்றும் கற்கின்றனர். விண்ணப்பப் படிவங்களில் எங்கு வதிகின்றீர், எத்தனை ஆண்டாக, எவ்வகை அனுமதியோடு என்னும் வினாக்களுக்கு விடை எழுதுகின்றனர். சாதாரணமான வினாக்கள்தாம். ஆயினும், ஒரு மாணவரின் எதிர்காலம் அவ்வினாக்களில் ஒரு சொல்லின் பொருளைப் பற்றி நிற்றல் கூடும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. அளந்து போடுதல் அரசின் கடமை. அளக்கும் மரக்கால் எல்லார்க்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும் எனக் கேட்பது குடிகளின் உரிமை. வந்து வாழ்வோர்க்கும் அவ்வுரிமையிற் பங்குண்டு.